கேளுங்க, சொல்றேன்: இந்த மாதம் சிங்கப்பூர் பூமலை

பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், எனக்கு வரும் கடிதங்களில் பாதி சிங்கப்பூர் கிளம்புகிறவர்களுடையதாக மாறிவிடும். மகன் வீடு, மகள் பிரசவம், பேரன் பிறந்தநாள் என்று ஏதோ ஒன்று. செந்தோசா, யுனிவர்சல் பற்றியெல்லாம் இந்தப் பகுதியில் போதும் போதும் என்கிற அளவுக்கு எழுதியாயிற்று. இந்த முறை பொட்டானிக் கார்டன்ஸ் என்ற தாவரவியல் பூங்கா பற்றியே நிறையக் கேள்விகள் சேர்ந்துவிட்டதால் அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். சிங்கப்பூர்த் தமிழர்கள் அதைப் பூமலை என்பார்கள், ரயில் நிலையப் பலகையிலும் தமிழில் அப்படித்தான் இருக்கும், நானும் அப்படியே எழுதுகிறேன்.

கேள்வி: மகனுக்கு ஒரு நாள் காலை மட்டும்தான் லீவு கிடைக்குமாம். பூமலை ரொம்பப் பெரிசு, சுற்றி முடியாது என்று பயமுறுத்துகிறார்கள். எதைப் பார்ப்பது, எதை விடுவது? (வாசகி, கும்பகோணம்)

பெரிசுதான். 82 ஹெக்டேர், நம் கணக்கில் 200 ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் இது நீளவாக்கில் கிடக்கிற தோட்டம், ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு இரண்டரை கிலோமீட்டர் போல வரும், அவ்வளவுதான். கும்பகோணத்தில் மகாமகக் குளத்தைச் சுற்றிவிட்டு அப்படியே நாலு கோயில் பார்க்கிற உங்களுக்கு இது ஒரு தூரமா? சுற்றுவது என்கிற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் வெளியே வாருங்கள், வந்த வழியே திரும்பி நடக்காதீர்கள்.

பெரும்பாலானவர்கள் தோட்டத்தின் பெயரையே கொண்ட ரயில் நிலையத்தில் இறங்கி வடக்கு முனையில் நுழைகிறார்கள். அங்கே ஏரி இருக்கிறது, புல்வெளி இருக்கிறது, வெயிலும் இருக்கிறது. அதிலேயே ஒரு மணி நேரம் போய், தோட்டத்தின் நடுப்பகுதிக்கு வரும்போது முகம் சுண்டிவிடுகிறது. விஷயமெல்லாம் நடுவிலும் தெற்கிலும்தான். அதனால் நான் தெற்கேயிருந்து தொடங்கச் சொல்வேன். லிட்டில் இந்தியாவில் டவுன்டவுன் பாதை ரயில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் ஸ்டீவன்ஸ், அங்கே மாறி தாம்சன் ஈஸ்ட் கோஸ்ட் பாதையில் அடுத்த நிறுத்தமே நேப்பியர். வெளியே வந்தால் டாங்லின் வாசல். தோட்டம் காலை 5 மணிக்கே திறந்துவிடும், ஆனால் சிங்கப்பூரில் விடிவதற்கே ஏழு மணி ஆகிவிடும், அதற்கு முன்னால் போய் இருட்டில் என்ன பார்ப்பது. ஏழேகாலுக்கு உள்ளே இருந்தால் சரியாக இருக்கும். நுழைவுக் கட்டணம் கிடையாது.

முதலில் அன்ன ஏரி. 1866-இல் வெட்டியது, அன்னங்கள் இருக்கும், பத்து நிமிஷம் போதும். அப்புறம் மேட்டில் எட்டுமூலையாக ஒரு வெள்ளை மண்டபம், பேண்ட்ஸ்டாண்ட். 1930-இல் கட்டியது, இப்போது அங்கே வாத்தியம் வாசிக்கிறவர்களைவிடக் கல்யாண ஜோடிகளைப் போட்டோ எடுக்கிறவர்கள்தான் அதிகம். அதன் பக்கத்தில் செடிக்கூடத்துக்குப் போகும் செங்கல் படிகளில் மட்டும் குனிந்து பாருங்கள், யாரும் சொல்லாமல் அதைக் கவனிக்க மாட்டீர்கள். சில செங்கல்களின் மேல் அம்புக்குறி பதிந்திருக்கும். ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் கைதிகளாக இருந்த ஆஸ்திரேலியச் சிப்பாய்கள் அறுத்த செங்கல் அவை. சிறைபிடித்தவனுக்காக வேலை செய்தாலும் தங்கள் எதிர்ப்பைக் காட்டுவதற்காகப் பச்சை மண்ணில் அந்தக் குறியை அழுத்திவிட்டார்கள். ஒரு விரல் வைத்துத் தடவிப் பார்க்கலாம், பள்ளம் இன்னும் கையில் தட்டும்.

அங்கிருந்து மழைக்காடு. ஆறு ஹெக்டேர்தான், ஆனால் தோட்டம் போடுவதற்கு முன்பிருந்தே அங்கே இருக்கிற காடு, யாரும் நட்டதல்ல. மரப்பலகைப் பாதையில் உள்ளே போனால் சட்டென்று வெளிச்சம் குறைந்து, சுற்றிலும் ஈரம் வந்து அப்பிக்கொள்ளும். கார்னர் என்று ஒரு தாவரவியலாளர் 1930-களில் இங்கே வேலை பார்த்தார், உயரமான மரங்களின் பூவையும் காயையும் பறித்துவரக் குரங்குகளைப் பழக்கி வைத்திருந்தார். தேங்காய் பறிக்கப் பழக்கும் அதே இனம். கீழிருந்து அவர் மலாயில் சொல்ல, அது மேலே போய்ச் சரியான கிளையை ஒடித்துப் போடுமாம். அவர் இருந்த வீடு கார்னர் ஹவுஸ் என்ற பெயரில் இன்னும் இருக்கிறது.

பக்கத்திலேயே ஆர்க்கிட் தோட்டமும் இஞ்சித் தோட்டமும். இஞ்சித் தோட்டத்தில் ஒரு சின்ன அருவி உண்டு, அதன் பின்னால் நுழைந்து போகலாம், பேரனுக்குப் பிடிக்கும். இஞ்சி, மஞ்சள், ஏலக்காய், அவற்றின் பங்காளிகள் எல்லாம் இங்கே பூக்களாக நிற்பதைப் பார்த்தால் சமையலறையில் நாம் பார்த்த முகமா இது என்றிருக்கும். அப்புறம் பனைப் பள்ளத்தாக்கு, சிம்பனி ஏரி, அப்படியே வடக்கே நடந்து புக்கிட் தீமா வாசலில் வெளியேறினால் பூமலை ரயில் நிலையம். அங்கிருந்து மாறாமலே மூன்றாவது நிறுத்தம் லிட்டில் இந்தியா.

விட வேண்டியது என்ன என்று கேட்டீர்களே, சின்னச் சின்னத் தோட்டங்கள் பெயரளவில் ஒரு டஜன் இருக்கின்றன. வரைபடத்தை வைத்துக்கொண்டு அவை எல்லாவற்றையும் தேடிப் போகாதீர்கள். வழியில் வந்தால் பாருங்கள்.

கேள்வி: கார்டன்ஸ் பை தி பே போன தடவையே பார்த்தாயிற்று. இதுவும் தோட்டம்தானே, இதற்கு வேறு ஒரு நாள் வேண்டுமா? (வாசகர், திருச்சி)

இரண்டும் தோட்டம் என்பதோடு ஒற்றுமை முடிந்தது. அது 2012-இல் கடலைத் தூர்த்த நிலத்தில் எழுப்பியது, இரும்பு மரங்களும் கண்ணாடிக் குடில்களும் ராத்திரி விளக்கும் பாட்டும். இது 1859-இல் தொடங்கியது, 2015-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் ஏறியது, சிங்கப்பூரில் அந்தப் பட்டியலுக்குள் போன முதல் இடம். இங்கே உங்களை யாரும் மகிழ்விக்க மாட்டார்கள், நீங்களாகத்தான் நடந்து பார்க்க வேண்டும். கூட வருகிறவர்கள் செல்ஃபிக்காக மட்டும் வருகிறவர்கள் என்றால் வேண்டாம், நிஜமாகச் சொல்கிறேன். மரம் பார்க்கிற ஆள் ஒருவர் வீட்டில் இருந்தால் அவரை மட்டும் கூட்டிக்கொண்டு போங்கள், மற்றவர்கள் மாலுக்குப் போகட்டும்.

கேள்வி: தோட்டம் இலவசம் என்றார்கள், உள்ளே ஆர்க்கிட்டுக்கு மட்டும் 15 வெள்ளியாம் (சிங்கப்பூர் டாலர்). நம்ம ரூபாயில் ஆயிரத்துக்குப் பக்கம். பூப் பார்க்க ஆயிரமா? (வாசகர், விருதுநகர்)

விருதுநகர்க்காரர் கணக்கில் தப்பு வருமா! 15 வெள்ளி என்பது வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு. உங்களுக்கு 60 தாண்டியிருந்தால் கட்டணம் மிகக் குறைவு, சில வெள்ளிதான், வயதைக் காட்டப் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குக் காசு இல்லை. ஆக முழுக் காசும் மகனுக்கும் மருமகளுக்கும்தான் என்று பார்த்தால், அவர்கள் அங்கேயே வசிப்பவர்கள் என்பதால் அவர்களுக்கும் குறைந்த கட்டணம். இப்போது மனசு ஆறிற்றா?

பூமலையில் காசு கொடுத்துப் பார்க்க வேண்டியது இது ஒன்றுதான், கொடுக்கலாம். ஆயிரத்துக்கு மேற்பட்ட இயற்கை ஆர்க்கிட் இனங்களும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கலப்பினங்களும் வைத்திருக்கிறார்கள். இதன் பின்னால் இருப்பது பூமலையின் இயக்குநராக இருந்த ஹோல்ட்டம் என்பவரின் வேலை. ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும், முளைப்பதற்கு உணவு தனக்குள் இல்லாத விதை, காட்டில் ஒரு பூஞ்சை வந்து ஊட்டினால்தான் உண்டு. 1928 வாக்கில் ஹோல்ட்டம் சத்துக்கலவை ஊற்றிய கண்ணாடிக் குப்பிகளில் அவற்றை முளைக்க வைக்கத் தொடங்கினார், அங்கிருந்துதான் சிங்கப்பூரின் ஆர்க்கிட் வியாபாரமே பிறந்தது.

முக்கியமானவர்களின் பெயரைச் சூட்டிய ஆர்க்கிட்களுக்குத் தனிப் பகுதி உண்டு. நாட்டுக்கு வரும் தலைவர்களுக்குப் புதுக் கலப்பினம் ஒன்றைப் பெயரிட்டுக் கொடுப்பது அங்கே 1956 முதல் வழக்கம். மண்டேலா இருக்கிறார், டயானா நினைவாக வெள்ளைப் பூ இருக்கிறது, 2018-இல் போன நம் பிரதமர் பெயரிலும் ஒன்று. எல்லாரும் தங்களுக்குத் தெரிந்த பெயரைத் தேடிக்கொண்டு பூவைப் பார்க்காமல் பலகையைப் பார்ப்பார்கள், வேடிக்கையாக இருக்கும். தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிம் அந்தக் கூட்டத்தில் சாதாரணமாகத்தான் தெரியும், ஊதா கலந்த இளஞ்சிவப்பு, மெல்லிய தண்டு. ஆக்னஸ் ஜோக்கிம் என்ற ஆர்மீனியப் பெண்மணியின் வீட்டுத் தோட்டத்தில் 1893-இல் கிடைத்தது, 1981-இல் தேசிய மலராயிற்று. இத்தனை பகட்டுப் பூக்களை வைத்துக்கொண்டு இதைத் தேர்ந்தெடுத்தார்களே என்று எனக்கு அந்த ஊர்மேல் மரியாதை.

வெயில் ஏறியதும் குளிர்க்கூடத்துக்குள் புகுந்துகொள்ளுங்கள். மலைக்காட்டு ஆர்க்கிட்களுக்காகக் குளிரூட்டி வைத்திருக்கிறார்கள், சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் நடந்து வந்தவர்களுக்கு அதுவே பாதி டிக்கெட் காசு. காலை 8.30-க்குத் திறக்கிறார்கள், சாயங்காலம் 6 மணிக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள்.

கேள்வி: ஐந்து வெள்ளி நோட்டில் உள்ள மரம் அங்கேதான் நிற்கிறதாமே? (மாணவர், காரைக்குடி)

ஆமாம். தெம்புசு மரம், டாங்லின் பக்கத்துப் புல்வெளியில். 150 வயதுக்கு மேல். ஒரு கனத்த கிளை தரைக்கு நெருக்கமாகப் படுத்தவாக்கில் நீண்டிருக்கும், நோட்டில் இருப்பதும் அந்தக் கிளைதான். தலைமுறை தலைமுறையாக அதில் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்திருக்கிறார்கள், இப்போது வேலி போட்டுவிட்டார்கள், தள்ளி நின்றுதான் பார்க்க முடியும். நோட்டைக் கையில் பிடித்துக் கிளையோடு பொருத்திப் படம் எடுப்பது அங்கே எல்லாரும் செய்கிற வேலை, நீங்களும் எடுங்கள், தப்பில்லை. பூக்கிற காலத்தில் சாயங்காலம் போனால் வாசனை வரும்.

கேள்வி: என் தாத்தா சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர்ப் பால் எடுத்தவர். ரப்பர் மரம் இந்த நாட்டுக்கே சிங்கப்பூர்ப் பூமலை வழியாகத்தான் வந்தது என்று பள்ளியில் படித்த ஞாபகம். அங்கே போனால் பார்ப்பதற்கு ஏதாவது இருக்கிறதா? (வாசகி, ஈப்போ, மலேசியா)

இந்த மாதம் வந்ததிலேயே எனக்குப் பிடித்த கேள்வி இது, கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன்.

நீங்கள் படித்தது சரிதான். பிரேசில் காட்டு மரம் அது. 1876-இல் விக்கம் என்ற ஆங்கிலேயர் அங்கிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார், அதில் கொஞ்சம்தான் முளைத்தது. அடுத்த வருஷம் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. பாதியைப் பூமலையிலேயே வைத்துக்கொண்டார்கள், மீதியில் பெரும்பகுதி உங்கள் பேராக் மாநிலத்துக் கோலகங்சாருக்குப் போயிற்று. அந்தக் காலத்து மரம் ஒன்று கோலகங்சார் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் இன்றும் நிற்கிறது, ஈப்போவிலிருந்து அது உங்களுக்குச் சிங்கப்பூரைவிடக் கிட்டே, அதை முதலில் பாருங்கள்.

மரம் வந்துவிட்டதே தவிர அதை வைத்து என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. 1888-இல் பூமலைக்கு இயக்குநராக வந்த ரிட்லி என்பவர்தான் மரம் சாகாமல் பால் எடுக்கும் வழியைக் கண்டுபிடித்தவர். கோடாரியால் கொத்தாமல், மரப்பட்டையில் மெல்லிய சாய்கோடாகச் சீவி, மறுநாள் அதே கோட்டின் விளிம்பில் இன்னொரு மயிரிழை சீவி, பால் தானாக வழிந்து கிண்ணத்துக்கு வரும்படி. உள்ளே உள்ள உயிர்ப்படலத்தில் கத்தி படாமல் வெளிப்பட்டையை மட்டும் எடுக்க வேண்டும், பட்டை மறுபடி வளர்ந்துவிடும், வருஷக்கணக்கில் அதே மரத்தில் பால் எடுக்கலாம். உங்கள் தாத்தா விடியும் முன்னால் எழுந்து கத்தியும் வாளியுமாகப் போய்ச் செய்தது இதே வேலையைத்தான். அதன் முதல் பரிசோதனை நடந்த இடம் பூமலை.

ரிட்லி இதோடு விடவில்லை. பார்க்கிற காப்பித் தோட்டக்காரரிடமெல்லாம் பையிலிருந்து ரப்பர் விதையை எடுத்து நீட்டி, நடு நடு என்று கெஞ்சியிருக்கிறார். பைத்தியம் என்றார்கள். முதலில் பெரிய அளவில் நட்டவர் மலாக்காவின் டான் சே யான், 1896-இல். அப்புறம் காப்பி விலை படுத்தது, மோட்டார் கார் வந்தது, டயருக்கு ரப்பர் வேண்டியிருந்தது, எல்லாரும் வரிசையில் நின்றார்கள். 1920 வாக்கில் உலக ரப்பரில் பாதி மலாயாவிலிருந்து போனது. இத்தனை மரத்திலும் பால் வெட்ட ஆள்? ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நின்றபின்னும் கங்காணிகள் ஊர் ஊராகப் போய், நாகப்பட்டினத்திலும் மதராஸிலும் கப்பல் ஏற்றி அனுப்பினார்களே, அந்த ஜனங்கள்தான். ரிட்லிக்கு நூறு வயசு வரை ஆயுசு, 1956-இல் காலமானார். பால் வெட்டியவர்களின் கதையோ அவர்கள் குடியிருந்த லயங்களோடு, அந்த வரிசை வீடுகளோடு போயிற்று.

பார்க்க இரண்டு விஷயம். ஒன்று, ஹோல்ட்டம் ஹால் என்ற 1921-ஆம் வருஷக் கட்டிடத்தில் இருக்கும் மரபுக் காட்சியகம், கட்டணமில்லை, ரப்பர் கதை முழுக்க அங்கே உண்டு. அந்தக் காட்சியில் நம் ஆட்களுக்கு இன்னும் நிறைய இடம் கொடுத்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். இரண்டாவது, பூமலையில் இன்றும் ரப்பர் மரங்கள் உண்டு, காட்சியகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். வறண்ட நாளில் காய் வெடித்து விதை சிதறும். வழுவழுப்பாக, பழுப்பில் கரும்புள்ளி போட்ட விதை. தோட்டத்துப் பிள்ளையாக வளர்ந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, தரையில் தேய்த்துச் சூடு வைத்து விளையாடியிருப்பீர்கள்.

ஆர்க்கிட் தோட்டத்துக்குப் போனால் இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். வாண்டா டான் சே யான் என்று ஒரு ஆர்க்கிட், 1954-இல் லண்டன் செல்சி மலர்க் கண்காட்சியில் பரிசு வாங்கியது. அந்த மலாக்காக்காரரின் மகன் உருவாக்கி அப்பா பெயர் வைத்தது. ரப்பர் காசு எங்கே போய்ப் பூத்திருக்கிறது பாருங்கள்.

கேள்வி: கணவருக்கு மூட்டுவலி. அவரால் அரை மணிக்கு மேல் நடக்க முடியாது. வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகவா? (வாசகி, கோயம்புத்தூர்)

ஐயோ, வேண்டாம். டாக்சியிலோ, கிராப் என்ற செயலியில் கூப்பிடும் காரிலோ நேராக நாசிம் வாசலில் இறங்குங்கள். பார்வையாளர் மையம் அங்கேயே, கழிப்பறை சுத்தமாக இருக்கும், சிம்பனி ஏரியும் ஆர்க்கிட் தோட்டமும் கிட்டே. பாதையெல்லாம் பெரும்பாலும் தளம் போட்டது, சக்கர நாற்காலி தள்ளலாம், ஆர்க்கிட் தோட்டப் பக்கம் மட்டும் ஏற்ற இறக்கம். அவரை ஏரிக்கரை நிழலில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் ஒரு சுற்று போய் வாருங்கள். சனி ஞாயிறு சாயங்காலங்களில் ஏரி நடுவே உள்ள மேடையில் அவ்வப்போது இலவசக் கச்சேரி நடக்கும், புல்லில் துண்டை விரித்து உட்கார்ந்து கேட்கலாம். கச்சேரி என்றால் நம்ம கச்சேரி இல்லை, வயலின், டிரம்பெட் வகையறா. தேதியை மகனைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

மத்தியானத்துக்கு மேல் அவரைக் கூட்டிப் போவதானால் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டு போங்கள். மழை அங்கே கேட்டுக்கொண்டு வராது, அதுவும் இடி மின்னலோடு வரும். இடிச் சத்தம் கேட்டதும் மரத்தடியை விட்டுக் கூரை உள்ள இடத்துக்குப் போய்விட வேண்டும். குடை போதும் என்று நினைக்க வேண்டாம்.

கேள்வி: ஏழு வயதுப் பேத்தி. மரம் செடி என்றால் பத்து நிமிஷத்தில் 'போர்' என்பாள். (வாசகர், சேலம்)

ஜேக்கப் பாலாஸ் சிறுவர் தோட்டம், வடக்கு முனையில். நீர் விளையாட்டு, மரவீடு, சறுக்கு, தொங்குபாலம் எல்லாம் உண்டு, இலவசம், 14 வயது வரை. கூட ஒரு பிள்ளை இல்லாமல் பெரியவர்களை உள்ளே விடமாட்டார்கள், ஆகவே பேத்தி தயவில்தான் உங்களுக்கு அனுமதி. திங்கட்கிழமை மூடியிருக்கும். மாற்று உடை எடுத்துப் போங்கள், நனையாமல் வர மாட்டாள்.

கேள்வி: உள்ளே சைவச் சாப்பாடு கிடைக்குமா? (வாசகி, மயிலாப்பூர்)

உணவகங்கள் இருக்கின்றன, விலை பார்த்தால் பசி போய்விடும். புளிசாதமோ இட்லியோ கட்டிக்கொண்டு போங்கள், புல்வெளியில் உட்கார்ந்து தாராளமாகச் சாப்பிடலாம், உள்ளூர்க்காரர்களே அப்படித்தான் செய்கிறார்கள். ரயிலுக்குள் மட்டும் டப்பாவைத் திறக்கவே கூடாது, தண்ணீர் குடித்தாலும் அபராதம் உண்டு. இல்லையென்றால் பதினொரு மணிக்கு நடையை முடித்து மூன்று நிறுத்தம் போய் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் இலை போட்டுச் சாப்பிடுங்கள். என் வாக்கு அதற்குத்தான்.

கேள்வி: பாதையிலேயே பெரிய பெரிய உடும்பு நடமாடுகிற வீடியோ பார்த்தேன். கடிக்குமா? (வாசகி, மதுரை)

நடமாடும். ஆள் நீளத்துக்கே இருக்கும், நாக்கை நீட்டிக்கொண்டு ஏரிக்கரையில் ஊர்ந்து போகும், சில சமயம் பாதையைக் கடக்கும். நீங்கள் நின்று வழிவிட்டால் அது பாட்டுக்குப் போய்விடும், வாலைத் தொடுவதோ குச்சியால் சீண்டுவதோ வேண்டாம், வாலால் அடித்தால் வலிக்கும். நீர்நாய்க் குடும்பம் ஏரிப் பக்கம் வந்தால் அதிர்ஷ்டம், அதற்கும் தூரத்தில் நின்றே கும்பிடு. புல்லில் மேய்கிற கோழிகள் யாருடைய வீட்டுக் கோழியும் இல்லை, காட்டுக்கோழி இனம். எதற்கும் பிஸ்கட் போடாதீர்கள், காட்டு உயிர்களுக்குத் தீனி போடுவது அங்கே சட்டப்படி குற்றம், அதற்கான அபராதத்தில் உங்கள் ஆர்க்கிட் டிக்கெட் பத்துக்கு மேல் வாங்கிவிடலாம்.